நந்தி பெட்டாவில் பெண் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு போவார்கள். பெண்ணைக் காட்டப் போன அன்னம்மாள் பம்ப் ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு போனாள். தொண்ணூற்றேழாம் வருஷம், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் மெஜஸ்டிக்கிலிருந்து நந்தி பெட்டா மலைக்குப் புறப்படும் முதல் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவளும் ஸ்டவ்வும் உட்கார்ந்திருந்தார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் துண்டில் சுற்றிப் புடவைப் பையின் அடியில் கிடந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து வாசனை பிடித்து மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சுவதற்குள் அவள் புருஷன் ஆதிகேசவன் அவரிடம் வெற்றிலையை நீட்டி ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆதிகேசவன் சென்ட்ரிங் மேஸ்திரி. செங்கம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஈஜிபுராவில் வாடகை வீட்டில் இருக்கிறவர். கோரமங்கலாவில் எழும்பிய மாடிகளில் பாதிக்குப் பலகை அடித்தது தான்தான் என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். அன்னம்மாள் அவருடைய ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். காங்கிரீட் போடுகிற நாளில் வேலையை நடுவில் நிறுத்த முடியாது. மிக்ஸர் ஓடிக்கொண்டே இருக்கும், சட்டி கைமாறிக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்து ஆட்களுக்குக் கை தளர்கிற நேரத்தில் சூடாக பஜ்ஜி வேண்டும். கீழே போட்டு மேலே கொண்டுபோனால் ஆறிவிடும் என்று அன்னம்மாள் ஸ்டவ்வையே மாடிக்கு ஏற்றிவிடுவாள். பலகைத் துண்டைக் காற்றுக்கு அண்டக் கொடுத்து, எண்ணெய்ச் சட்டியை வைத்து, நீட்டுகிற கைக்கெல்லாம் போடுவாள். பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் நீட்டினாலும் உண்டு, வழியில் போகிறவன் நீட்டினாலும் உண்டு. காங்கிரீட் நாளில் நீட்டிய கையை வெறுமனே திருப்பினால் தளம் வெடிக்கும் என்பது அவர்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. அவள் கையால் சாப்பிட்டுப் போட்ட தளம் எதுவும் இதுவரை வெடித்ததில்லை.

பஜ்ஜி விஷயத்தில் அவளுக்கு இருந்த துக்கம் வேறு. மகள் தாரணியைப் பார்க்க மூன்று முறை ஆட்கள் வந்தார்கள். மூன்று முறையும் அந்த ஒற்றை அறை வீட்டில் பாய் விரித்து, சூடாக பஜ்ஜியும் கேசரியும் வைத்தாள். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது ஒரே மாதிரி, "வீட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருத்தர் பெண் உயரம் கம்மி என்று தரகரிடம் சொன்னார். ஒருத்தர் கார்மென்ட்ஸில் வேலை செய்கிற பெண் வேண்டாம் என்றார். மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் "இன்னாக்கா, சொல்லி அனுப்பினாங்களா?" என்று கேட்பார்கள். குடத்தைத் தூக்கும்போது அந்தக் கேள்வியும் சேர்ந்து கனக்கும்.

நாலாவது இடம் சிக்கபள்ளாப்பூர். அந்த ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பையன் பஸ் டிப்போவில் மெக்கானிக், தாய்க்கு ஒரே பிள்ளை. தரகர் ஞானசேகரன் போட்டோவும் கொண்டுவந்தார். தாரணி தையல் மெஷினிலிருந்து வந்த களைப்போடு சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"மா, இதான் கடைசி. இவங்களும் துன்னுட்டு சொல்லி அனுப்பறோம்னு போனா, அப்பறம் என்ன எவன் எதிர்லயும் தட்டு எடுத்துனு நிக்க வெக்காத."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அன்னம்மாளுக்குத் தெரியும். அதனால் அவளே ஒரு திட்டம் போட்டாள். வீட்டில் வேண்டாம், குழாயடிக்குத் தெரியாத இடமாக இருக்கட்டும். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் நந்தி மலை இருக்கிறது. அங்கே பார்க்கட்டும். முதலில் வார்த்தை, அப்புறம்தான் தட்டு. பிடித்திருக்கிறது என்று வாயால் சொன்ன பிறகு, சுடச்சுடப் போட்டுக் கொடுப்பது. முன்னாலேயே போட்டு எடுத்துப் போனால் தவிட்டு உருண்டை மாதிரி இருக்கும், அது அவள் கைக்குக் கேவலம். ஆகவே ஸ்டவ்.

ஆதிகேசவன் எதற்கும் தலையாட்டினார். அவருக்கு மலைமேல் வேறு வேலை இருந்தது.

"அந்த உச்சில கம்பி கட்டிகிறாங்களாம். அங்க நின்னா பெங்களூரே தெரியுமாம். நம்ம போட்ட ஏழு மாடி தெரியுதான்னு பாக்கணும்."

"பொண்ணு பாக்க வராங்க, நீ மாடி பாக்கப் போறியா?"

"ரெண்டும்தான் பாக்கறேன். கண்ணு ரெண்டு கீதுல்ல?"

பஸ் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறியது. பாதி மலையிலேயே பனிமூட்டம் வந்து ஜன்னலை மூடிக்கொண்டது. மேலே இறங்கியபோது நீட்டிய கை தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோயில் மணி ஒன்று எந்தப் பக்கமென்று தெரியாமல் அடித்தது. தாரணி பட்டுப்புடவைக்கு மேலே அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். அலங்காரமெல்லாம் உள்ளே போய்விட்டது என்று அன்னம்மாள் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"கயிட்டுடி. வந்துடுவாங்க."

"வரட்டும். நான் வெறச்சிப் போய் நின்னா மட்டும் அழகா இருப்பனா?"

உச்சியில் கம்பி வேலிக்குப் பக்கத்தில், ஒரு பாறை காற்றை மறைக்கிற இடமாகப் பார்த்து அன்னம்மாள் சாமானை இறக்கினாள். ஆதிகேசவன் தோளில் கொண்டுவந்த சென்ட்ரிங் பலகையை அண்டக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் புகையைப் பார்த்து நின்றார். "இந்தப் பக்கம்தான் ஈஜிபுரா இருக்கணும்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்னம்மாள் மாவைக் கரைத்து வைத்தாள். தாரணி வாழைக்காயைச் சீவினாள். எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு பஜ்ஜி போட்டது தப்பாகப் போய்விட்டது.

அந்தக் குளிரில், அந்த மூட்டத்தில், பஜ்ஜி வாசனை மலை முழுக்கப் போயிற்று. முதலில் ஒரு குரங்கு வந்தது. அதற்குப் பின்னாலேயே காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் மூட்டத்திலிருந்து முளைத்தார்கள். "ஆன்ட்டி, ஒந்து பிளேட்டு கொடி," என்று கன்னடத்தில் ஒரு பிளேட் கேட்டுக் கையை நீட்டினார்கள். இது கடையில்லை என்று சொல்ல அன்னம்மாள் வாயைத் திறந்தாள். ஆனால் உயரமான இடம், காற்று, பலகை, ஸ்டவ், நீட்டிய கை எல்லாம் சேர்ந்து அவள் கையை அதன் பழக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன. காகிதத்தைக் கிழித்து பஜ்ஜியை வைத்து நீட்டினாள். பையன்கள் காசு கொடுத்தார்கள்.

"காசெல்லாம் வாணாம். மாப்ள வூட்டுக்குன்னு போட்டது, விக்கக் கூடாது."

பையன்களுக்குத் தமிழ் புரியவில்லை. காசு வாங்காத பஜ்ஜி என்றால் பிரசாதம்தான் என்று முடிவு கட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போய், மூட்டத்துக்குள் நாலு பேருக்குச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை நின்றது. மலைக் காவல்காரர் தடியோடு வந்து, "இல்லி ஒலெ ஹச்சபாரது," என்று அதட்டினார். அடுப்பு மூட்டக்கூடாது என்கிறார் என்று அன்னம்மாளுக்கு விளங்கியது. ஒரு மிளகாய் பஜ்ஜியை அவர் கையில் வைத்தாள். அவர் தின்று முடித்து, வரிசையை நேராக நிற்கச் சொல்லி அதட்ட ஆரம்பித்தார்.

அப்போது பார்த்து ஸ்டவ் சீறிக்கொண்டே அணைந்தது.

"பின்னு எடுத்துனு வந்தியாடி?"

"நீதான எடுத்து வெச்ச?"

அடைப்பு குத்துகிற பின் ஈஜிபுராவில் இருந்தது. வரிசையில் நின்ற ஒருத்தன் முன்னால் வந்தான். குரங்குக் குல்லா, கழுத்துவரை மூடிய ஜெர்கின், வெளியே தெரிந்தது மூக்கும் கண்ணும்தான். "ஸ்வல்ப தள்ளுங்கம்மா, நான் பாக்கறேன்," என்று குந்தினான். பாவாடை நாடா கோர்க்கிற ஊக்கு ஒன்றை அன்னம்மாள் எடுத்துக் கொடுத்தாள். குத்தினான், ஊதினான், பம்ப் அடித்தான். ஸ்டவ் பக்கென்று பற்றியதில் மூக்கில் கரி அப்பிக்கொண்டது. குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்தான், கரி கன்னத்துக்கும் பரவியது. தாரணி வாழைக்காய் சீவுவதை நிறுத்தி அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு முன்னைவிட மெதுவாகச் சீவினாள்.

அவன்தான் சிக்கபள்ளாப்பூர் சிவசங்கரன். தாயும் தரகரும் பஸ்ஸில் வரட்டும் என்று பைக்கில் முன்னாலேயே வந்தவன், குளிர் தாங்காமல் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டான். பெண்ணின் போட்டோவைத் தரகர் தாயிடம் மட்டும்தான் காட்டியிருந்தார். அவன் போட்டோவை அன்னம்மாள் பார்த்திருந்தாள். ஆனால் அதில் இருந்தது ஸ்டுடியோக்காரன் கோட்டும் பவுடரும். நமக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

"தம்பி நல்ல பையனா கீற. கைய நீட்டு." இரண்டு பஜ்ஜி வைத்தாள். தின்றுவிட்டு மூன்றாவதாக அவனே ஓரமாக வைத்திருந்த தட்டிலிருந்து எடுக்கப் போனான். அன்னம்மாள் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அத்த தொடாத. அது மாப்ளைக்கு ஒதுக்கி வெச்சது."

"எந்த மாப்ளைம்மா?"

கேட்டதுதான் தாமதம். மாவைத் தோய்த்துக்கொண்டே அன்னம்மாள் கொட்டித் தீர்த்துவிட்டாள். மூன்று பேர் வந்தது, தின்றது, சொல்லி அனுப்புகிறேன் என்று போனது, குழாயடியில் கேட்டது, எல்லாம்.

"இன்னிக்கு வரவன் சிக்கபள்ளாப்பூரு. தரகன் சொல்றான், பையன் பசுவாம், வாயே தொறக்க மாட்டானாம். பசுவ கட்டினு எம் பொண்ணு இன்னா, பாலா கறக்கப் போறா? போட்டோல ஒரு கோட்டு. எவன் கோட்டோ, தோளு தொங்குது."

சிவசங்கரன் தின்றுகொண்டிருந்ததை விழுங்கினான். காது சிவந்தது. "அந்தக் கோட்டு அவருக்கே பிடிக்காம இருந்திருக்கும்மா," என்றான் மெதுவாக.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஸ்டுடியோல எல்லாருக்கும் அதே கோட்டுதான் மாட்டுவாங்க."

தாரணி ஸ்வெட்டர் கையால் வாயை மூடிக்கொண்டாள். அன்னம்மாள் அதைப் புகையென்று நினைத்தாள்.

"யப்பா, நீ சும்மாதான குந்தினு கீற. இந்தக் கரண்டியப் புடி. வரிசை நீண்டுனே போவுது. தாரணி, நீ மாவுல தோச்சி வுடு."

ஆக, தாரணி தோய்த்துப் போட்டாள், சிவசங்கரன் அரித்து எடுத்தான். முதல் ஈடு கருகியது.

"இவ்ளோ நேரம் வுட்டா கருவாம இன்னா பண்ணும்? பொரை அடங்கறப்ப எடுங்க," என்றாள் தாரணி.

"பொரைன்னா?"

"நொரை. பஸ்ஸு இஞ்சினுக்குக் காது குடுக்கறவரு, எண்ணெய்க்குக் காது குடுக்க மாட்டீங்களா?"

பஸ் மெக்கானிக் என்று அவன் சொல்லவேயில்லை. கரண்டி நின்றது. அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பஜ்ஜியும் கருகவில்லை.

"நீங்க சாப்புடலியா?" என்று கேட்டான்.

"தட்டு எடுத்துனு வர்றவ துன்னக் கூடாதாம். எங்கம்மா காலைல தண்ணியோட நிறுத்திட்டாங்க."

"டிப்போல நைட்டு வேல வந்தா, ஒருத்தர் சாப்பிடாம இருந்தா மத்தவங்க பாக்ஸ் தொறக்க மாட்டோம்."

"வாரத்துல எத்தினி நைட்டு?"

"மாறி மாறி வரும். உங்க ஷிஃப்ட்டு?"

"அப்பறம் சொல்றேன், வாழக்கா கருப்பா ஆவுது பாருங்க."

வழிப்போக்கனிடம் மகள் இத்தனை பேசுகிறாளே என்று அன்னம்மாளுக்கு ஒரு நெருடல் வந்தது. ஆனால் அவள் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஏன்டா சிவா, ஒன்ன கோயிலு படியெல்லாம் தேடியாச்சு," என்று மூட்டத்துக்குள்ளிருந்து தரகர் ஞானசேகரனின் குரல் வந்தது. பின்னாலேயே தரகரும், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கம்பளிச் சால்வைக்கார அம்மாவும் வந்தார்கள். தரகர் அன்னம்மாளைப் பார்த்தார், கரி மூஞ்சியோடு கரண்டி பிடித்திருந்த சிவசங்கரனைப் பார்த்தார். "அட, ரெண்டு வீடும் கலந்தே போயாச்சா? அப்ப என்ன எதுக்கு வரச் சொன்னீங்க? அன்னம்மாக்கா, இதான் மாப்ள. இவங்க அவங்கம்மா சந்திரம்மா."

பசு, கோட்டு, கையில் தட்டியது, எல்லாம் அன்னம்மாளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. வந்த மாப்பிள்ளையை அடுப்படியில் உட்காரவைத்து ஊருக்கெல்லாம் பஜ்ஜி போடவைத்தாயிற்று. நாலாவதும் போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

சந்திரம்மா மகனை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவன். பிறகு பலகை ஓரத்தில் மெல்ல உட்கார்ந்து, சால்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.

"மொதல்ல ஒண்ணு குடுங்கம்மா. குளிரு ஜாஸ்தி."

முதலில் வார்த்தை, அப்புறம்தான் தட்டு. ஆனால் கை நீண்டிருந்தது. அன்னம்மாள் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தாள். தெரிந்தே தோற்கிறவள் மாதிரி சூடான பஜ்ஜியை எடுத்து அதில் வைத்தாள்.

சிவசங்கரன் ஒதுக்கி வைத்திருந்த தட்டை எடுத்தான், மாப்பிள்ளைக்கென்று அன்னம்மாள் அவன் கையில் தட்டி விலக்கிய அதே தட்டை. மேலே புதிதாக நாலு வைத்து, எழுந்துபோய், எல்லோரும் பார்க்கத் தாரணியிடம் நீட்டினான். "காலைலருந்து சாப்புடல நீங்க," என்றான். தாரணி வாங்கி, நின்றபடியே தின்றாள். வெட்கப்படவில்லை, பசி.

மூட்டம் அப்போதுதான் விலகத் தொடங்கியது. முதலில் வேலிக் கம்பி தெரிந்தது, பிறகு பாறையின் விளிம்பு, பிறகு கீழே ஏரிகள், தோட்டங்கள், எறும்பு மாதிரி பஸ்கள். எல்லோரும் கம்பியோரம் போனார்கள். தெற்கே வெகுதூரத்தில் வெளுப்பாகப் பெங்களூர் கிடந்தது. ஆதிகேசவன் துள்ளிக் குதிக்காத குறை.

"அதோ தெரியுது பாரு, ஒசரமா. அது நம்ம ஏழு மாடி. தாரணி, பாத்தியா?"

தரகர் உற்றுப் பார்த்து, "அது மேகங்க," என்றார்.

"மேகத்துக்கு வாட்டர் டேங்க் இருக்குமாய்யா?"

சிவசங்கரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "டேங்க் தெரியுதுங்க மாமா," என்றான். ஆதிகேசவன் அந்தக் கணமே அவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் கொடுத்து என்ன ஆகப் போகிறது?

வெயில் ஏறியது. மாவு தீர்ந்தது, வரிசை கலைந்தது. சந்திரம்மா தாரணியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர், வேலை, உடன்பிறப்பு எல்லாம் கேட்டாள். கடைசியில் எழுந்து முந்தானையை உதறினாள். "அப்ப நாங்க வீட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்தாள்.

அன்னம்மாள் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"இல்லைங்க அத்தை," என்றாள் தாரணி. "நாங்க போயி சொல்லி அனுப்பறோம்."

சந்திரம்மா திரும்பினாள். "என்ன சொன்ன?"

"சுட்டவரு அவரு. தட்டு எடுத்துனு வந்தவரு அவரு. துன்னவ நானு. எங்க வூட்ல துன்னவங்கதான் சொல்லி அனுப்பறோம்னு போவாங்க."

தரகர் வானத்தைப் பார்த்தார். சந்திரம்மா மகனைப் பார்த்தாள். அவன் கன்னத்துக் கரியோடு, "சரியாத்தான சொல்றாங்க," என்றான். சந்திரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது கோபமா, வேறு ஏதாவதா என்று அன்னம்மாளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரிம்மா, காத்துனு இருக்கறோம்," என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அன்னம்மாள் மடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு பொருமினாள்.

"கூடி வந்தத கெடுத்துட்டியேடி. பெரியவங்க கிட்ட அப்பிடியா பேசுவாங்க? அவன்தான்னு எப்பருந்துடி தெரியும் உனக்கு?"

"குல்லாவ கயிட்டனப்பவே."

"எனக்குத் தெரியலியே."

"நீ போட்டோவ ஒரு வாட்டி பாத்த. நான் தெனம் பாத்தேன்." தாரணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். டீக்கடையில் சிவசங்கரன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், பஸ்ஸையே பார்த்து நின்றான். "மா."

"இன்னா?"

"சொல்லி அனுப்பறோம்னு சொன்னன்ல. போய் சொல்லிட்டு வா."

"இன்னான்னு?"

"புடிச்சிருக்குன்னு."

டிரைவர் இஞ்சினைக் கிளப்பிவிட்டார். அன்னம்மாள் எழுந்தாள். மடியில் ஸ்டவ் இருக்கிற ஞாபகமேயில்லை, அதையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கண்டக்டர் விசில் அடித்தார், ஆதிகேசவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். அவள் காதில் எதுவும் விழவில்லை. மூன்று முறை வாசலில் காத்திருந்து வராத சொல், இப்போது அவள் வாயிலேயே இருந்தது. அதைச் சுமந்துகொண்டு அவள் ஓடினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இப்படி ஓடியதேயில்லை.

டீக்கடையில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. ஸ்டவ்வைக் கீழே வைத்துவிட்டுச் சந்திரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு வூட்லருந்து சொல்லி அனுப்சிகிறாங்க."

"என்னான்னு?"

"பையன புடிச்சிருக்காம்."

சந்திரம்மா இவ்வளவு நேரம் கடித்து வைத்திருந்த சிரிப்பை விட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "வீட்டுக்குப் போயி நல்ல நாளு பாக்கறோம்னுதான் சொல்ல வந்தேன். உங்க பொண்ணு எங்க சொல்ல விட்டா?" சிவசங்கரன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாய் வெந்து நின்றான்.

விசில் மறுபடியும் கேட்டது. அன்னம்மாள் திரும்பி ஓடி வந்து பஸ்ஸில் ஏறினாள். பஸ் வளைவில் இறங்கத் தொடங்கியதும் ஆதிகேசவன் அவள் மடியைப் பார்த்தார்.

"ஏம்மே, ஸ்டவ்வு எங்க?"

அன்னம்மாள் வெறும் கையைப் பார்த்தாள். "டீக்கடைல வெச்சிட்டேன்."

"வியாழக்கெழம காங்கிரீட்டாச்சே. ஆளுங்களுக்கு இன்னா பண்ணுவ?"

தாரணி வெளியே பார்த்தபடி பதில் சொன்னாள். "புதன்கெழம அவருக்கு லீவாம்பா. எடுத்துனு வருவாரு."